முன்வரிசைப் பாய்

யாராவது என்னைப் புகழ்ந்தால், இவருக்கு என்னிடம் என்ன ஆகவேண்டும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். பால்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாலில் விரலை விட்டுப் பார்க்கிறவள் நான். அதனால் யோகா டீச்சர் ஒருநாள் வகுப்பு முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மேடம், நீங்க டீச்சர் ட்ரெயினிங்குக்கே போலாங்க. ரெடியாத்தான் இருக்கீங்க" என்றபோது சந்தோஷத்துக்கு முன்னால் சந்தேகம் வந்து நின்றது.

அப்போது நெய்வேலி டவுன்ஷிப்பில் குடியிருந்தோம். என் கணவர் மைன்ஸில் அதிகாரி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த நாள் முதல் அங்கே நான் இன்ன செக்‌ஷன் சாரின் வீட்டம்மா, அவ்வளவுதான். மகன் வெளியூருக்குப் படிக்கப் போன பிறகு வீட்டில் பொழுது நகரவில்லை. யோகா தினம் என்று ஒன்றைக் கொண்டாட ஆரம்பித்து, பிளாக்குக்கு பிளாக் வகுப்பு முளைத்த காலம் அது. எங்கள் பிளாக்கின் ஹாலில் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் பஸ் போன பிறகு பெண்களுக்கு வகுப்பு நடக்கும். டீச்சர் பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து ஸ்கூட்டியில் வருவார். என்னைவிட வயதில் சின்னவர்.

அந்த ஹாலில் யார் எங்கே பாய் விரிப்பது என்று யாரும் சொன்னதில்லை. ஆனாலும் ஃபேனுக்கு நேர் கீழே முன்வரிசையில் அதிகாரிகள் வீட்டுப் பெண்கள், அதற்குப் பின்னால் நிரந்தரத் தொழிலாளர் வீட்டுப் பெண்கள், கடைசியில் கான்ட்ராக்ட் தொழிலாளர் வீட்டுப் பெண்கள். குவார்ட்டர்ஸ் எப்படிப் பெரிசும் சிறிசுமாக இருந்ததோ அதே மாதிரிதான் பாய்களும். என் பாய் முன்வரிசையில் நடுவில். நானாகப் பிடித்த இடமில்லை, அதை எனக்கென்று விட்டுவைத்திருந்தார்கள்.

பயிற்சி பாண்டிச்சேரியில், ஒரு மாதம், அங்கேயே தங்க வேண்டும். ஆள் பிடித்துக் கொடுத்தால் டீச்சருக்கு ஏதாவது கிடைக்கும் என்று முதலில் கணக்குப் போட்டேன். இன்னொரு அதிகாரியின் மனைவியிடம் நைசாக விசாரித்தேன். அவரிடம் டீச்சர் பேச்சே எடுக்கவில்லையாம். ஆள் பிடிக்கிறவர் ஒருவரோடு நிறுத்துவாரா? அந்தக் கணக்கு அங்கேயே இடித்தது.

கணவரிடம் சொன்னேன். "போயேன், நல்லதுதானே" என்றார். ஒரு மிக்ஸி வாங்குவதற்கே ஒன்பது கேள்வி கேட்கிற மனிதர், ஒரு மாதம் வீட்டை விட்டுப் போகிறேன் என்றால் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சரி என்கிறார். அவர் மேலும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எனக்கு ஆசையாக இருந்தது. இத்தனை வருடத்தில் சாருக்காக இல்லாமல் எனக்காக ஒருவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. அது உண்மையாக இருக்கவேண்டுமே என்று இருந்தது. அதனாலேயே அதைத் துருவினேன்.

துருவியதில் ஒன்று தட்டுப்பட்டது. டீச்சர் வகுப்பில் சும்மா நிற்கமாட்டார். ஒருத்தியின் முதுகைத் தள்ளுவார், இன்னொருத்தியின் தோளை அழுத்துவார், குதிகாலைத் தன் கால் விரலால் நகர்த்தி வைப்பார். என் பாய் அருகே வந்தால் கை இரண்டும் முதுகுக்குப் பின்னால் போய்விடும். என்னிடம் திருத்த ஒன்றுமில்லை என்று அதுவரை நினைத்திருந்தேன்.

மறுநாள் திரிகோணாசனம். இரண்டு முழங்காலும் விறைப்பாக நிற்க வேண்டும், சின்னக் குழந்தைக்கும் தெரியும். வேண்டுமென்றே இடது முழங்காலை நன்றாக மடக்கிக்கொண்டு நின்றேன். டீச்சர் வந்தார். என் காலைப் பார்த்தார். பார்த்ததை நான் பார்த்தேன்.

"ரொம்ப நல்லா வருது மேடம். எல்லாரும் மேடத்தப் பாருங்க" என்றார்.

எல்லாரும் பார்த்தார்கள். ஹாலில் இருந்த அத்தனை பேரும் சமர்த்தாக இடது முழங்காலை மடக்கிக்கொண்டார்கள்.

வகுப்பு முடிந்து மற்றவர்கள் போகும்வரை காத்திருந்தேன். டீச்சர் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"என் முழங்கால் மடங்கியிருந்துச்சு. பாத்தீங்கல்ல?"

"பாத்தேங்க."

"அப்புறம் ஏன் சொல்லல?"

பாயைக் கீழே வைத்தார். "எங்க வூட்டுக்காரரு சார் செக்‌ஷன்லதாங்க கான்ட்ராக்ட்ல வேல பாத்துக்கினு இருக்காரு. உங்க மேல எப்பிடிங்க கை வெப்பேன்?"

எனக்கு அது தெரியாது. கோபம் குறையவில்லை. "சரி, தப்பா செய்யிறவளப் போயி டீச்சர் ட்ரெயினிங் போகச் சொல்வாங்களா?"

அவர் கீழே வைத்த பாயை மறுபடி எடுத்துச் சுருட்டினார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அங்க உங்கள யாருக்கும் தெரியாது, திருத்துவாங்க. இங்க நீங்க முன்னாடி நிக்கிற வரைக்கும், உங்களுக்கு எவ்ளோ வருதோ அவ்ளோதாங்க மத்தவங்களுக்கும் சொல்லித் தர முடியுது. அதுக்கு மேல போனா உங்களுக்குச் சங்கடமாப் பூடும்னு நானே நிறுத்திக்கினு இருந்தேன். தப்பா எடுத்துக்காதீங்க."

ஆபீஸில் கையாள முடியாத ஆளைப் பயிற்சிக்கு அனுப்பி வைப்பார்கள் என்று கணவர் சொல்லிச் சிரித்ததுண்டு. என்னையும் டீச்சர் அப்படித்தான் அனுப்பப் பார்த்திருக்கிறார். ஆத்திரமாக வந்தது. அதைவிட அவமானம். எல்லாரையும் சந்தேகப்பட்ட நான் என் பாயை ஒருநாளும் சந்தேகப்படவில்லை.

"சார்கிட்ட இதப் பத்திப் பேச மாட்டேன்" என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

பாண்டிச்சேரிக்குப் போகவில்லை. ஆசிரியராக நான் தயாரா என்ற கேள்விக்கு அந்த முழங்காலே பதில் சொல்லிவிட்டது. பிளாக் வகுப்புக்குப் போவதையும் நிறுத்திவிட்டு, வடலூரில் கடைத்தெரு மாடியில் ஒரு வகுப்பு நடப்பதாகக் கேள்விப்பட்டு டவுன் பஸ் ஏறினேன். கணவர் எங்கே வேலை என்று அங்கே யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. முதல் நாளே அந்த டீச்சர் என் தோளை இரண்டு கையாலும் அழுத்தி, "ஏன் மூச்சப் புடிச்சுக்கினே நிக்கிறீங்க? வுடுங்க" என்றார். வலித்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இரண்டு வாரம் கழித்துக் காய்கறி வண்டி அருகே, எங்கள் பிளாக் வகுப்பில் கடைசி வரிசையில் நிற்கும் ஒரு பெண்ணைப் பார்த்தேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள்.

"என்ன ஆச்சு?" என்றேன்.

"நீங்க வராம நின்னதுலேருந்து டீச்சர் பெண்டு நிமித்துறாங்க மேடம். இப்பதான் யோகா செய்யிற மாதிரியே இருக்கு" என்றாள். வலியிலும் அவள் முகம் மலர்ந்திருந்தது.