இடது பின் சக்கரம்

இது கட்டுக்கதை இல்லை. நடந்தது. நம்பாதவர்கள் அதியமான்கோட்டைக்குப் போய் அப்துல் சுபான் பாயையே கேட்டுக்கொள்ளலாம். ஆனால் அவர் வாயைத் திறக்க மாட்டார். எனக்குச் சொல்லி முடிக்கவே அவருக்கு மூன்று நாள் ஆனது. பேய் ராத்திரியில்தான் வரும், பகலில் நமக்கென்ன பயம் என்று தெம்பாக இருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இதில் எதுவுமே ராத்திரியில் நடக்கவில்லை.

1986, ஏப்ரல் 18, வெள்ளிக்கிழமை. காலை மணி 11.20.

பாப்பிரெட்டிப்பட்டிப் புளி வியாபாரி ஒருவரின் வெள்ளை மாருதியை, அவருடைய டிரைவர் கஸ்பார் ஓட்டிவந்து சுபானின் மெக்கானிக் ஷெட்டில் நிறுத்தினார். அந்தக் காலத்தில் அந்தச் சின்னக் காரைக் கண்டால் பாதி மெக்கானிக்குகள் கும்பிடு போட்டு அனுப்பிவிடுவார்கள். அம்பாசடர் போல இல்லை அது. எஞ்சின் முன் சக்கரங்களை இழுக்கும், பின் சக்கரங்கள் சும்மா கூடவே உருண்டு வரும். அப்படிச் சும்மா வருவது கொஞ்சம் கோணினாலும் போச்சு, டயரைத் தின்றுவிடும். இந்தக் காரின் இடது பின் டயர் ஒரே மாதத்தில் ஒரு பக்கமாக மழுங்கிப் போயிருந்தது.

"எங்கயாவது இடிச்சியா கஸ்பாரு?"

"இல்லீங்க பாய்."

கஸ்பார் காரைப் பார்க்காமலே பதில் சொன்னார். பிறகு சாவியை நீட்டினார்.

"வேலைய முடிச்சிட்டு நாலு நாளு வண்டிய நீங்களே வச்சுக்கங்க. பொண்ணுக்குப் பிரசவம்னு சொன்னீங்கல்ல, முதலாளி குடுக்கச் சொல்லிட்டாரு."

சுபானுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மகள் வஹிதாவுக்கு முன்பே இரண்டு கரு கலைந்திருந்தது. இது மூன்றாவது. மாசம் நிறைந்து, ஷெட்டுக்குப் பின்னாலிருந்த வீட்டில் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். நேரத்துக்கு பஸ் கிடைக்குமோ கிடைக்காதோ என்று அவர் சரியாகத் தூங்கியே ஒரு வாரம் ஆகியிருந்தது.

ஜும்ஆ தொழுகை முடிந்து 1.40க்கு வேலையில் உட்கார்ந்தார். ரோட்டில் அனல் பறந்தது. ஒரு லாரி கூட இல்லை. காரின் இரண்டு பக்கமும் முன்னிருந்து பின்னாக நூல் கட்டினார். நூலிலிருந்து சக்கரத்துக்கு அளந்தால் கோணல் தெரிந்துவிடும். பின் அச்சு கால் அங்குலம் கோணியிருந்தது. ஜாக்கி போட்டுப் பின்பக்கத்தைத் தூக்கினார். ஸ்பிரிங் பட்டையில் அச்சைப் பிடித்திருந்த போல்ட்டுகளைத் தளர்த்தி, நேராக்கி, முடுக்கினார். அளந்தார். இரண்டு பக்கமும் மயிரிழை வித்தியாசம் இல்லை. மணி 2.05.

காரைத் தரையில் இறக்கினார். மறுபடி அளந்தார்.

கால் அங்குலம்.

சரி, நாம்தான் எங்கேயோ கோட்டை விட்டோம் என்று மறுபடி தூக்கினார். நேராக இருந்தது. இறக்கினார். கோணிக்கொண்டது. மணி 2.40.

அப்போதுதான் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே கையை வைத்துப் பார்த்தார். வலது பக்கம் நான்கு விரலும் தாராளமாக நுழைந்தன. இடது பக்கம் இரண்டுதான் நுழைந்தன. பின் சீட்டில் ஆள் உட்கார்ந்தால் பட்டை தாழும். பட்டை தாழ்ந்தால் அச்சு அந்தப் பக்கம் பின்னால் தள்ளிப்போகும். அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் காரில் யாரும் இல்லை.

டிக்கியைத் திறந்தார். காலி. சீட்டுக்கு அடியில் பார்த்தார். காலி. பட்டையில் விரிசல் இருக்கிறதா என்று தட்டித் தட்டிப் பார்த்தார். ணங்... ணங்... நல்ல பட்டை.



"ஏங்க..." வீட்டிலிருந்து அவர் மனைவி ஜுபைதாவின் குரல். "புள்ளைக்கு வலி கண்டுடுச்சுங்க. வண்டிய எடுங்க."

மணி 2.55. வேறு வண்டி இல்லை. யோசிக்க நேரமும் இல்லை.

ஜுபைதா பின் சீட்டில் வலது ஓரம் உட்கார்ந்தாள். வஹிதா நடுவில். இடது ஓரம் காலியாக இருந்தது. தர்மபுரி ரோட்டில் கார் ஏறியது. வஹிதா காலை மடக்கி, அம்மா மேலேயே ஒடுங்கிக்கொண்டு முனகினாள்.

"காலை நீட்டிக்கம்மா," என்றாள் ஜுபைதா.

"எடமில்லம்மா."

சுபான் கண்ணாடியில் பார்த்தார். இடது ஓரம் காலியாகத்தான் இருந்தது.

இரண்டு மைல் போயிருக்கும். மணி 3.12.

"அத்தா... கதவத் தொறங்க. எறங்கணுமாம்."

"யாருக்குடி?" என்றாள் ஜுபைதா.

வஹிதா உதட்டைக் கடித்துக்கொண்டு இடது பக்கமே பார்த்தாள்.

சுபான் காரை ஓரம் கட்டினார். இறங்கிச் சுற்றி வந்தார்.

"ஏங்க, இந்த நேரத்துல நிறுத்திக்கிட்டு..."

இடது பின் கதவைத் திறந்தார்.

க்ரீச்...

பட்டை முனகியது. கார் மெல்ல மேலே எழுந்தது. கதவின் மேல் வைத்திருந்த அவர் கையும் கூடவே எழுந்தது.

யாரும் இறங்கவில்லை.

யாரோ இறங்கிவிட்டார்கள்.

வஹிதா பெருமூச்சு விட்டுக் காலை நீட்டிக்கொண்டாள்.

மணி 4.10க்கு ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை பிறந்தது. வீலென்று அழுதது. சுபானும் வராந்தாவில் நின்று அழுதார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அழைத்துப் போகலாம் என்றார்கள்.

சனிக்கிழமை. பகல் மணி 12.30.

ஷெட்டில் அவர் மறுபடி நூல் கட்டிக்கொண்டிருந்தபோது கஸ்பார் வந்தார். சுபான் எழுந்து அவர் எதிரில் நின்றார்.

"இந்த வண்டியில யாருய்யா செத்தது?"

கஸ்பார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"காவேரின்னு ஒரு பொண்ணுங்க பாய். போன மாசம். சித்தேரி மலை அடிவாரத்துல, வலியோட ரோட்டுல படுக்க வச்சிருந்தாங்க. பாவமேன்னு முதலாளிக்குத் தெரியாம ஏத்துனேன். வழியில கதவத் தொறங்க, எறங்கிக்கறேன்னு மூணு தடவ கேட்டுச்சு. ஆஸ்பத்திரி கிட்ட வந்துட்டமேன்னு நான் நிறுத்தல. கொண்டுபோயி சேத்தும் பொழைக்கல."

"நேத்து எறங்கிடுச்சு," என்றார் சுபான்.

கஸ்பார் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சுபானுக்கு ஒரு பக்கம் நிம்மதியாக இருந்தது. குனிந்து இடது சக்கரத்தில் விரல்களை வைத்தார்.

ஒன்று. இரண்டு. மூன்று.

சுண்டு விரல் நுழையவில்லை.

மறுபடி வைத்தார். நுழையவில்லை. வலது பக்கம் போய்ப் பார்த்தார். நான்கும் நுழைந்தன.

"கஸ்பாரு... கூட யாரு?"

கஸ்பார் நிமிரவில்லை. குனிந்தபடியே சொன்னார்.

"புள்ள வண்டியிலேயே பொறந்துடுச்சுங்க. அழவே இல்ல. செத்துப் பொறந்துச்சுன்னுதான் கூட வந்தவங்களும் நானும் நெனச்சோம். அம்மாக்காரியத் தூக்கிக்கிட்டு உள்ள ஓடுனோம். புள்ளமேல என் துண்டப் போத்தி, கதவச் சாத்திட்டு நானும் கூடவே ஓடிட்டேன். நல்ல வெய்யிலு. ஒரு மணி நேரம் கழிச்சு வந்து தொறந்தனுங்க..."

"தொறந்து?"

"துண்டு கீழ கெடந்துச்சு பாய். ஒதைச்சுத் தள்ளுன மாதிரி."



சுபான் இடது பின் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டார். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். ஐந்து.

கார் எழவில்லை.

"அதுக்கு எறங்கத் தெரியாதுங்க பாய்," என்றார் கஸ்பார்.

நாளைக் காலையில் பேரன் இந்த சீட்டில்தான் வர வேண்டும். சுபான் பிஸ்மில்லா சொல்லி உள்ளே குனிந்தார். காலி சீட்டின் மேல் இரண்டு கைகளையும் நீட்டினார். சேர்த்துப் பிடித்தார். தூக்கினார்.

க்ரீச்...

கஸ்பார் தவழ்ந்து போய் சக்கரத்தில் விரல்களை வைத்துப் பார்த்தார்.

"நாலும் போவுதுங்க பாய்."

மணி 12.55. எதையோ ஏந்தியதுபோல் மடித்த கைகளோடு சுபான் ஷெட்டின் நடுவில் நின்றார். கைகள் கனத்தன. கனத்தது மட்டுமில்லை, சூடாகவும் இருந்தது. அதை எங்கே இறக்கி வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.