பொன்னேரிபூண்டி

வாத்தியாரே இல்லாத பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றதும் அப்பா வயலிலிருந்து வந்த சேற்றுக் காலோடு அப்படியே நின்றுவிட்டார்.

“இன்னாடி இது? வாத்தியாரு இல்லன்னா எவன் சொல்லிக் குடுப்பான்?”

“நாங்களே ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக் குடுத்துக்குவோம்பா.”

சிரித்தார். சிரித்துவிட்டு நிபந்தனையும் போட்டார். முதல் மாதச் சோதனையில் தேறாவிட்டால் கும்மிடிப்பூண்டியில் அவருக்குத் தெரிந்த கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போய்விட வேண்டும். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. சரி என்று சொல்லித் தொலைத்தேன்.

பள்ளிக்கூடம் புதுவாயலில், ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. வரிசையாகக் கம்ப்யூட்டர்கள், ஓயாத லாரிச் சத்தம். நாம் எழுதும் புரோகிராமை நம்மோடு படிக்கும் ஒருவர்தான் சோதிப்பார். அவர் எந்த வரியைக் காட்டி ஏன் என்று கேட்டாலும் அரை மணி நேரத்துக்குள் காரணம் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் புரோகிராம் ஓடினாலும் ஃபெயில்.

முதல் மாதத்தின் கடைசிச் சோதனைக்கு எனக்கு வந்தவர் பக்கத்து சீட்டு அண்ணன். முன்பு காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டியவர். எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாக வாங்கி, ஒரே இடத்தில் மாற்றி மாற்றி வைத்து, திரையில் காட்டும் புரோகிராம் அது. நன்றாகவே ஓடியது. அண்ணன் தலையாட்டிக்கொண்டே வந்தவர், ஒரு வரியில் விரலை வைத்தார். பெயரின் கடைசி எழுத்துக்கு அடுத்து ஒரு பூஜ்யம் போடச் சொல்லும் வரி.

“இது எதுக்கும்மா?”

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. “அண்ணா, போன வாரம் நீங்க சொல்லித்தான போட்டேன்! தெரியாத மாதிரி கேக்குறீங்களே!”

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் முகம் சுண்டிப்போனது. குரலைத் தாழ்த்தினார்.

“நெசமாவே தெரியாதும்மா. எனக்கும் ஒருத்தன் சொன்னான். போட்டா ஓடுது, போட்டுக்கினேன். நீயாச்சும் புரிஞ்சிக்கினு போட்டிருப்பன்னு நெனைச்சேன்.”

அந்த ஹாலில் எல்லோருடைய புரோகிராமிலும் அந்த வரி இருந்தது. கேட்டுக் கேட்டுப் போட்டுக்கொண்டோமே தவிர, ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. சுவர்க் கடிகாரத்தில் பத்து நிமிடம்தான் மிச்சம். பேக்கிங் அட்டைப்பெட்டிகள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. அழுகையாக வந்தது.

ஆத்திரத்தில் அந்த வரியை அழித்தேன். “ஐயோ, இன்னா பண்ற?” என்றார் அண்ணன். ஓடவிட்டேன். கும்மிடிப்பூண்டி என்று ஆங்கில எழுத்தில் அடித்தேன். சரியாக வந்தது. பொன்னேரி என்று அடித்தேன்.

திரையில் ‘பொன்னேரிபூண்டி’ என்று வந்தது.

இருவரும் வாயைப் பிளந்து பார்த்தோம். பொன்னேரி சின்னப் பெயர். முன்னால் அதே இடத்தில் இருந்த கும்மிடிப்பூண்டியின் வால் அப்படியே மிச்சம் இருக்கிறது. பெயர் எங்கே முடிகிறது என்று நாம் சொல்லாவிட்டால் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதைச் சொல்வதற்குத்தான் அந்தப் பூஜ்யம். மூச்சு வாங்க வாங்கச் சொல்லி முடித்தேன்.

அண்ணன் பாஸ் போட்டார். போட்டுவிட்டுத் தன் கம்ப்யூட்டருக்குப் போய், ஏற்கெனவே பாஸான தன் புரோகிராமைத் திறந்து அதே வரியை அழித்து ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து நான் ஒருவரைச் சோதிக்க வேண்டும். ஆரம்பாக்கத்திலிருந்து வரும் ஒரு பெண். அவளுக்கும் அதுதான் கடைசிச் சோதனை. புரோகிராம் அழகாக ஓடியது. அந்த வரியில் விரலை வைத்து, இது எதுக்கு என்றேன்.

அவள் முகம் சுண்டிப்போனது. பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. கடிகாரத்தைக் காட்டி, “இன்னும் நேரம் இருக்கு, அழிச்சிப் பாரு” என்று மட்டும் சொன்னேன்.