மழை வந்தால் அணைகிற கம்ப்யூட்டர்

என் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு இருக்கிறது. ஆளில்லாத ஊர், எழுந்து நடமாடும் பிணங்கள், கையில் துப்பாக்கியோடு நாம். வெயிலடிக்கிறவரை ஒரு தொந்தரவும் இல்லை. விளையாட்டுக்குள் மழை பிடித்தால் ஐந்தாவது நிமிடம் திரை கறுத்துப்போகும், உள்ளே விசிறிகள் ஊளையிடும், அத்தோடு சரி. எங்கள் ஊர் எலப்புள்ளியில் மழை வந்தால் கரண்டு போவது பழக்கம்தான். கம்ப்யூட்டருக்குள் பெய்கிற மழைக்கும் போகும் என்பது எனக்குப் புதிது.

நாற்பத்திரண்டு வயதில் உனக்கு என்ன விளையாட்டு என்று கேட்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு என் தம்பியும் அந்தப் பாழடைந்த ஊருக்கு வருவான். அவன் இருப்பது அயர்லாந்தில், அங்கே அப்போது விடிகாலை. அம்மா இறந்தபோது அவன் வரவில்லை. விசா புதுப்பிக்கக் கொடுத்த பாஸ்போர்ட் கைக்கு வரவில்லை என்றான். "இனிமே இந்த ஊட்டுல உனக்கு ஆரும் இல்லடா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்கும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது. இரண்டு வருஷம் பேச்சே இல்லை. பிறகு ஒரு நாள் நான் தனியாகச் சுட்டுக்கொண்டிருக்கையில், சேர்ந்து ஆடலாமா என்று திரையில் ஓர் அழைப்பு வந்தது. அவன் பெயர். சரி என்று அழுத்தினேன்.

அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் ஆடினோம். காதில் மாட்டிய ஹெட்செட்டில் பேசிக்கொள்வோம். "வலப்பக்கம் ரெண்டு பேருங்ணா." "குண்டு இருக்குதா?" "இருக்குதுங்ணா." அவ்வளவுதான். சாப்பிட்டாயா என்றுகூட நான் கேட்டதில்லை. அவனும் கேட்டதில்லை.

சிக்கல் என்னவென்றால், மழை பெய்தால் அந்த ஊரில் வெளியே நிற்க முடியாது. ஏதாவது வீட்டுக்குள் புகுந்து கதவைச் சாத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். சுட ஆள் இல்லை, செய்ய வேலை இல்லை. அப்போதுதான் தம்பி தொண்டையைச் செருமிக்கொண்டு, "அண்ணா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும்" என்று ஆரம்பிப்பான். அந்த நேரம் பார்த்து இந்தச் சனியன் நின்றுவிடும். ஒரு ஞாயிறு அல்ல, வரிசையாக மூன்று ஞாயிறு. மூன்றாவது தடவை அவனிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது: "பேசப் புடிக்கலீன்னா சொல்லிருங்ணா. மூஞ்சீல அடிச்சாப்பல ஆஃப் பண்ண வேண்டாம். அடுத்த ஞாயித்துக்கெழம ஒருவாட்டி வர்றேன். அதுக்கப்பறம் உங்களத் தொந்தரவு பண்ணல."

படித்ததும் மனைவியிடம் காட்டினேன்.

"ஏனுங்க, கம்ப்யூட்டரு கெட்டுப்போச்சுடான்னு ஒரு போன் போட்டுச் சொன்னா முடிஞ்சுதுங்க" என்றாள்.

"மிஷினச் செரி பண்ணுனாலும் முடிஞ்சுது" என்றேன்.

அவள் அவரைக்காய் உரிக்கப் போய்விட்டாள்.

நான் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பிரிவில் இருக்கிறேன். அங்கே எந்த மிஷின் நின்றாலும் பிரேக்டவுன் ரெஜிஸ்டரில் எழுத வேண்டும்: நின்ற நேரம், அப்போது என்ன ஓடிக்கொண்டிருந்தது, காரணம், செய்த வேலை. வீட்டிலும் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் கோடு போட்டு ஆரம்பித்தேன். 'அப்போது என்ன ஓடிக்கொண்டிருந்தது' என்ற இடத்தில் மூன்று தடவையும் 'மழை' என்று எழுதினேன். தம்பி பேச ஆரம்பித்ததை எழுதவில்லை. அது மிஷின் சம்பந்தப்பட்டதல்ல.

மழைக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் இருப்பது கிராபிக்ஸ் கார்டு. திரையில் தெரிகிற படத்தை வரைகிற பலகை அது. மூன்று விசிறி வைத்து, ஒரு செங்கல்லை விட நீளமாக, அதற்குத் தகுந்த கனத்தோடு இருக்கும். ஒவ்வொரு மழைத்துளியையும் அதுதான் வரைய வேண்டும். வேலை கூடினால் சூடாகும். திங்கட்கிழமை அதன் சாஃப்ட்வேரை அழித்துப் புதிதாகப் போட்டேன். மழை வந்தது, மிஷின் நின்றது. செவ்வாய்க்கிழமை கஞ்சிக்கோட்டில் கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் கேட்டேன். "கார்டு மாறணும் சேட்டா, வேற வழியில்ல" என்றார். மிஷின் நின்றால் மிஷினை மாற்று என்று சொல்ல அந்தக் கடைக்கு எதற்குப் போர்டும் லைட்டும்?

தூசி அடைத்திருக்கும் என்று முடிவு செய்தேன். புதன்கிழமை பெட்டியை பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டு வேலந்தாவளம் பஞ்சர் கடைக்குப் போனேன். அன்றைக்கு மாட்டுச் சந்தை. காற்றுப் பிடிக்க மாடு ஏற்றி வந்த லாரிகள் வரிசையில் நின்றன. எனக்கு முன்னால் நின்ற மாட்டு வியாபாரி பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"என்னங்க இது, பால் கறக்கற மிஷினுங்களா?"

"இல்லீங்க. விளையாடறதுங்க."

"உங்க பையனுக்குங்களா?"

"எனக்குங்க."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. லாரி டயருக்கு அடிக்கிற காற்றை அப்படியே உள்ளே அடித்தார் கடைக்காரர். தூசியும் போனது, குழாயில் தேங்கியிருந்த தண்ணீரும் உள்ளே போனது. தொழிற்சாலையில் யாராவது இப்படிச் செய்திருந்தால் நானே கிழித்துத் தோரணம் கட்டியிருப்பேன். வியாழன் முழுக்கப் பெட்டியை மொட்டைமாடியில் வெயிலில் காயப்போட்டேன், வற்றலுக்குப் பக்கத்தில். சாயங்காலம் போட்டதும் ஓடியது. மழை வந்தது, மிஷின் நின்றது.

வெள்ளிக்கிழமை வேலை விட்டு வந்தால், மனைவி தரை துடைப்பதற்காகப் பெட்டியைக் கட்டில்மேல் படுக்கப் போட்டு வைத்திருந்தாள். "அத எதுக்குத் தொட்டே?" என்று கத்தினேன். "தொடாம இருந்து மட்டும் என்ன கிழிச்சுதுங்க?" என்றாள். எரிச்சலில் படுத்த வாக்கிலேயே ஒயரைச் சொருகி ஆன் செய்தேன். மழை வந்தது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், நாற்பது நிமிடம். கொட்டித் தீர்த்துவிட்டு வெயிலே அடித்துவிட்டது. கம்ப்யூட்டர் நிற்கவில்லை.

மண்டையில் உறைத்தது. பெட்டி நிமிர்ந்து நிற்கும்போது கார்டின் ஒரு முனைதான் பிடியில் இருக்கும், மறுமுனை அந்தரத்தில் தொங்கும். அதைக் கவ்வியிருக்கிற சின்ன பிளாஸ்டிக் கொக்கி, கோயம்புத்தூரிலிருந்து பைக்கில் கட்டிக்கொண்டு வந்த அன்றே உடைந்துவிட்டது. எனக்குத் தெரியும். போனால் போகிறது என்று விட்டிருந்தேன். நாளாக நாளாகத் தொய்ந்துவந்த முனை, சூடேறச் சூடேற இன்னும் இறங்கி, தொடர்பு விட்டுப்போயிருக்கிறது. காரணம் என்ற இடத்தில் 'கார்டு தொய்வு' என்று எழுதினேன். யாருடைய தவறு என்று கேட்கிற இடம் அந்த ரெஜிஸ்டரில் கிடையாது.

"படுக்கப் போட்டே ஓட்டுங்களே" என்றாள் மனைவி. அதை ரிப்பேர் என்று சொல்ல முடியாது. சனிக்கிழமை தொழிற்சாலையில் வீணாய்க் கிடந்த நைலான் துண்டைக் கடைந்து ஒரு முட்டு செய்து, கார்டுக்கு அடியில் கொடுத்தேன். மயிரிழை பிசகவில்லை.

ஞாயிறு பதினோரு மணிக்குத் தம்பி வந்தான். "வணக்கங்ணா" என்றான், யாரோ மாதிரி. அரை மணி நேரம் சுட்டோம். மழை பிடித்தது. ஒரு வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்தினோம். ஐந்து நிமிடம் தாண்டியது. என் மனதுக்குள் அப்படியொரு பெருமை.

"அண்ணா, ஒண்ணு கேக்கோணும்" என்றான்.

"கேளு."

"அம்மா கடேசில என்னையக் கேட்டுச்சுங்களாண்ணா?"

கம்ப்யூட்டர் இப்போது நின்றால் தேவலை என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். நிற்கவில்லை. மழையை ஒரு துளி விடாமல் வரைந்துகொண்டிருந்தது. ஒரு வாரமாக நான் பார்த்த வேலை அப்படி.

"கேட்டுச்சுடா. மூணுவாட்டி கேட்டுச்சு. சின்னவன் வந்துட்டானா, வந்துட்டானான்னு."

"நீங்க என்னங்ணா சொன்னீங்க?"

"ஏரோப்ளேன் ஏறிட்டான், வந்துட்டே இருக்கறான்னு சொல்லிப்போட்டேன்."

இரண்டு வருஷத்துக்கு மேலாக நெஞ்சில் கிடந்தது அந்தப் பொய்தான். கடைசியாக அம்மாவிடம் என்னைப் பொய் சொல்ல வைத்துவிட்டானே என்றுதான் அவன்மேல் எனக்கு அவ்வளவு கோபம். அதை அவனிடம் சொன்னதே இல்லை. இப்போது அது கோபமாகவும் இல்லை.

"நம்புச்சுங்களா?"

"நம்புச்சு. பசியோட வருவான், சோறு எடுத்து வைங்கடான்னு சொல்லுச்சு."

கதவை இரண்டு பேரும் பார்க்கவில்லை. பிணங்கள் உடைத்துக்கொண்டு உள்ளே வந்து எங்கள் இரண்டு பேரையும் கொன்றுபோட்டன. கறுத்த திரையில் மறுபடி ஆடுகிறீர்களா என்று எழுத்து வந்து நின்றது. யாரும் அழுத்தவில்லை.

"வெச்சீங்களாண்ணா?" என்றான் கடைசியில்.

"வெச்சோம்டா. உங்கண்ணி தட்டத்துல போட்டு மூடி வெச்சா" என்றேன்.