படத்தின் மூலையில் எழுதிய பெயர்

எங்கள் தெருவில் படம் போடத் தெரிந்தவர் என் தாய்மாமா ஒருவர்தான். எழுதத் தெரிந்தவள் மூன்றாம் வகுப்பு படித்த நான் ஒருத்திதான். மற்ற எல்லோரும் கைநாட்டு. அதனால் எனக்கு அப்போதே கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

மாமா மிராசுதார் வயலில் கூலி வேலை செய்தார். தேர்தல் வந்துவிட்டால் கட்சிக்காரர்கள் தேடி வந்து அழைத்துப் போவார்கள். குத்தாலம் கடைத்தெருச் சுவர்களில் தலைவர்கள் சிரித்ததெல்லாம் மாமாவின் கைவேலை. ஆனால் படத்துக்குக் கீழே, வரைந்தவர் பெயர் போடும் இடத்தில், போர்டு எழுதும் கடைக்காரரின் பெயர்தான் இருக்கும். பெயிண்ட் அவருடையதாம். மாமாவுக்குத் தனி கிளாஸில் டீ வரும். படிக்கக் கற்றுக்கொண்ட பிறகு அந்தக் கடைக்காரர் பெயரைச் சுவர் சுவராகப் படித்து எரிச்சல்பட்டிருக்கிறேன்.

புது ஆட்சி வந்து எங்கள் குடிசைகளில் கொடி மாறியிருந்தது, கூலி மாறவில்லை. அந்த வருஷம் அறுவடைக்கு அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதற்காக மிராசுதார் எங்கள் ஆட்களை வரப்போடு நிறுத்திவிட்டு, வெளியூர் ஆட்களைப் போலீஸ் காவலோடு வயலில் இறக்கினார். கூலி ஆட்கள் சங்கத்து நோட்டீஸ்கள், எல்லாம் கையால் எழுதியவை, ஊரெங்கும் ஒட்டியிருந்தன. எழுதியவரைப் போலீஸ் தேடிக்கொண்டிருந்தது.

வேலையில்லாத மாமா சிமெண்ட் மூட்டைக் காகிதங்களை ஒன்றாக ஒட்டி, அடுப்புக்கரியும் செங்கல் பொடியும் கொண்டு அந்த வயலை வரைந்தார். நடுவில் யாரோ அறுக்கிறார்கள். ஓரத்தில் எங்கள் பெண்கள் கையில் அரிவாளோடு சும்மா நிற்கிறார்கள். அதில் அம்மாவின் முகத்தை நான் உடனே கண்டுபிடித்தேன். குடைக்கு அடியில் நின்றவர் யார் என்று கண்டுபிடிக்க யாருக்கும் சிரமமில்லை.

மாசியில் டவுன் பள்ளிக்கூடத்தில் ஓவியக் கண்காட்சி வைத்தார்கள். அங்கே ஓவிய வாத்தியாராக இருந்தவர் நல்ல மனுஷர். படத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு சைக்கிளில் வந்தவர், அதைச் சுவரில் சாய்த்து வைத்துப் பார்த்தார்.

"இத நான் மாட்டுறேன். பேரு மட்டும் வேணாம்ப்பா. எந்தத் தெருன்னு தெரிஞ்சா, மத்த படத்துக்குப் பக்கத்துல மாட்ட விடமாட்டாங்க."

"சரிங்க சார். படம் இருந்தாப் போதுங்க" என்றார் மாமா.

எனக்குப் போதவில்லை. மறுநாள் காலை மாமா வாய்க்காலுக்குக் குளிக்கப் போயிருந்தபோது, படத்தின் மூலையில் கரித்துண்டால் அவர் பெயரை எழுதினேன். கீழே எங்கள் தெருவின் பெயரையும் எழுதினேன். மாமாவுக்குப் படிக்கத் தெரியாது. வந்து படத்தைச் சுருட்டி எடுத்துப்போன வாத்தியார் அதைக் கவனிக்காமல் மாட்டினாரா, கவனித்தும் விட்டுவிட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கண்காட்சி தொடங்கிய மூன்றாம் நாள் உச்சிவெயிலில் போலீஸ் ஜீப் வந்தது. மிராசுதார் கண்காட்சிக்குப் போயிருக்கிறார். ஏட்டு படத்தை எங்கள் வாசலில் விரித்து, மூலையைத் தடியால் தட்டினார்.

"படம் போட்டது யாருடா?"

"நாந்தாங்க."

"இந்தப் பேர எழுதினது?"

மாமா அந்த எழுத்துகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அதுவும் நாந்தாங்க."

என் பக்கம் அவர் திரும்பவேயில்லை. எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கடைக்காரரைப் போல மாமாவும் என் வேலையைத் தன்னுடையது என்கிறாரே என்று. வாயைத் திறக்கப் போனவளை அம்மா முந்தானையோடு சேர்த்து அமுக்கிக்கொண்டாள்.

ஜீப்பில் ஏற்றிப்போன மாமா நாலு நாள் கழித்து ஸ்டேஷனிலிருந்து வந்தார். வலது கை துணிச் சுற்றுக்குள் இருந்தது. அந்த விரல்கள் பிறகு மடங்கவேயில்லை. படமும் திரும்பி வரவில்லை.

அந்த வாரமே மாமா என் சிலேட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, இடது கையில் பலப்பத்தைப் பிடித்தார்.

"பாப்பா, எம் பேர எழுதக் கத்துக்குடு. படத்துல எழுதினியே, அதே மாதிரி."

என் எழுத்து ஒரு பக்கமாகச் சாயும். நேராக எழுதலாம் மாமா என்று திருத்தினால் ஒப்புக்கொள்ள மாட்டார். சாய்வும் வேண்டும், கோணலும் வேண்டும். தினமும் எழுதி எழுதி அழித்தார். என் பெருமையைக் கேட்க வேண்டுமா? பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன்.

பல வருஷங்களுக்குப் பிறகு, மாமா செத்த வீட்டில்தான் அம்மா சொன்னாள். ஸ்டேஷனில் காகிதத்தையும் பென்சிலையும் கொடுத்து, "நீதான் எழுதினேன்னா எழுதிக் காட்டுடா" என்றார்களாம். மாமாவுக்கு எழுத வரவில்லை. அப்படியானால் எழுதியது யார், நோட்டீஸ் எழுதியதும் அந்த ஆள்தானா என்று ஒவ்வொரு விரலுக்கும் ஒருமுறை கேட்டார்களாம்.

அதுவரை, என் கையெழுத்து அழகாக இருந்ததால்தான் மாமா அதைக் கற்றுக்கொண்டார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.