எட்டக்காவின் நல்ல ரத்தம்

ஓடிப்போனாளாம். ஐம்பத்தாறு வயதில், இடுப்புவலியோடு, எவனையோ நம்பி எட்டக்கா ஓடிப்போனாளாம். போய் நாற்பது நாளாகியும் திரும்பவில்லை என்பது நிஜம். மற்றதெல்லாம் தெருவின் புளுகு.

மறதி நோயை ரத்தத்தில் தேடும் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை. பென்சில் மாதிரி கம்பி, நுனியில் கரி. அந்த நுனியை ஈரப் பொடி தடவிய துணியில் எட்டுப் போட்டுத் தேய்க்க வேண்டும். வட்டமாகத் தேய்த்தால் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். இருபது வருடம் எட்டுப் போட்டதால் எட்டக்கா. தேய்த்த நுனியில் மருந்து பூசி ரத்தத்தில் வைத்தால், நோயின் புரதம் வந்து ஒட்டிக்கொள்ளும். கம்பியில் ஓடும் மின்சாரம் குறையும்; கணினித் திரையில் கோடு இறங்கும்.

ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ரத்தமும் வேண்டுமே. அதை வேலை செய்கிறவர்களே கொடுப்பார்கள். எட்டக்காவுடையதுதான் எப்போதும் நல்ல ரத்தம்.

ஒருநாள் அதிலேயே கோடு இறங்கியது.

"என்னக்கா, மாமாகூட சண்டையா? தேய்ப்பு சரியில்லையே" என்று சிரித்தாள் கணினி பார்க்கிற பெண்.

"உன் வாய்மேல ஒரு எட்டு போடணும்டி. இரு, மறுபடி தேய்க்கிறேன்."

மூன்று கம்பி தேய்த்தாள். மூன்றிலும் இறங்கியது. அந்தப் பெண் எழுந்துபோன நேரம் பார்த்து, அந்தப் பெண் கொடுத்திருந்த ரத்தத்தை எட்டக்கா தன் பெயர் ஒட்டிய குப்பியில் மாற்றி வைத்தாள். கோடு இறங்கவில்லை.

"பாத்தியா, தேய்ப்புதான்" என்றாள்.

பெற்ற தாய் இதே நோயில் தன்னையே "நீ யாரும்மா" என்று கேட்டதைப் பார்த்தவள் அவள். அன்று தனக்கு வந்த பயத்தைப் புருஷன் முகத்தில் பார்க்கத் தெம்பில்லை. வீட்டில் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

இரண்டு வருடம் கழித்து, ஒரே கம்பியைக் காலையிலிருந்து மதியம்வரை தேய்த்துக்கொண்டிருந்தாள். மரியாதையாகப் பேசி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"சாப்பிட்டீங்களா?" என்று வீட்டில் மூன்றாம் முறை கேட்பாள்.

"மூணு தடவ கேட்டா மூணு தடவ சோறு வருமா?" என்பார் தையல்காரரான புருஷன். வேலை போன கவலை என்றே அந்த மனுஷர் நினைத்தார். சொன்னால்தானே தெரியும்.

காணாமல்போன அன்று காலை தலைவாரி, காலி டிபன் பாக்ஸைப் பையில் வைத்தாள்.

"எங்க கெளம்பிட்ட?"

"வேலைக்குத்தான். கம்பியெல்லாம் தேய்க்காம கெடக்கு."

"திரும்பக் கூப்பிட்டாங்களா? சொல்லவே இல்லையே." அவருக்குச் சந்தோஷம்கூட. ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "பாத்துப் போ" என்றார்.

"சாயங்காலம் வந்துடுவேன்."

அவர் நிமிரவில்லை. அவள் படியிறங்கினாள். காலில் இருந்தது அவருடைய செருப்பு.