முந்நூறு பேர் பாடிய ஒரு வரி

இந்த ஊரில் கச்சேரி நடக்கும்போது யாரும் இருமுவதில்லை. அடக்கி வைத்திருந்து, பாட்டு முடிந்ததும் மொத்தமாக இருமிக்கொள்கிறார்கள். ஜெர்மனியின் லைப்சிக் நகருக்கு வந்து நான்கு வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. கந்தர்வக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊரில் பாட்டு நடுவே பேசாதவர் யார்?

அன்று மேடையில் என்னோடு ஆய்வகத்தில் வேலை பார்க்கும் கத்ரினின் குழு. மைக் கிடையாது. ஆப்பிரிக்கச் சுரைக்குடுவை யாழ், ஆர்மீனியக் குழல், நார்வே வயலின் எல்லாவற்றையும் கலந்து, திடீரென்று நிறுத்தி, மூச்சு விடும் ஓசையைக்கூடப் பாட்டாக்குவார்கள். என் ஊர்ப் பாட்டு ஒன்றை அவள் கேட்டபோது, அப்பா இறந்த அன்று அம்மா பாடிய ஒப்பாரியை, அம்மாவின் பாட்டு என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கையெழுத்துப் போடத் தெரியாத அம்மா நின்ற இடத்தில் பாட்டுக் கட்டுவாள் என்பது எனக்குப் பெருமை. அப்பா இறந்தபோது விசா புதுப்பிக்கக் கொடுத்திருந்ததால் நான் ஊருக்குப் போக முடியவில்லை. அந்த ஒப்பாரியைச் சித்தி மகள் செல்போனில் பதிந்து அனுப்பினாள். முதல் இரண்டு வரிக்கு மேல் என்னால் கேட்க முடிந்ததில்லை.

கத்ரின் நடுவிலிருந்து ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பாடினாள்.

“நீங்க படிக்க வச்ச மக, ஒங்க பாடையப் பாக்க வரலயே...”

அந்த வரியை அன்றுதான் முதல்முறை கேட்டேன். அவள் கைகாட்ட, முந்நூறு பேரும் கூடப் பாடினார்கள். கைதட்டித் தாளம் போட்டார்கள். என்னைச் சுற்றி உட்கார்ந்து, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே.

“ஷோன்! எவ்வளவு அழகு!” என்று ஓடிவந்தாள் கத்ரின். “உன் அம்மாவின் குரல் அங்கேதான் உடைகிறது. என்ன பொருள்?”

“மகள் வரவில்லை என்று.”

“ஐயோ. எந்த மகள்?”

குளிர்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

மறுநாள் காலை அம்மாவை அழைத்து, கச்சேரியில் அவள் பாட்டைப் பாடினார்கள் என்று சொன்னேன். முந்திரித் தோப்பில் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா என்னய அப்புடிப் பாடுன?”

“வராதவள வந்தாள்னா பாடச் சொல்ற? அங்கிட்டு எல்லாரும் அழுதாகளா?”

“கை தட்டுனாங்கம்மா.”

“எழவுப் பாட்டுக்கா? வெளங்கிரும்!” கொட்டைகள் கூடையில் விழும் சத்தம் கேட்டது. “சரி, நீயாச்சும் அடுத்த வரிய எடுத்தியா?”

எங்கள் பக்கம் எழவு வீட்டில் பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் கட்டி வட்டமாக உட்கார்ந்து அழுவார்கள். ஒருத்தி மூச்சு வாங்கும்போது பக்கத்தில் இருப்பவள் தானே கட்டி அடுத்த வரியை எடுக்க வேண்டும். பிந்தி வரும் மகளுக்கும் அதில் இடம் விடுவார்கள்.

எந்த மகள், அது என்ன பாட்டு, எப்படிப் பாடுவார்கள் என்று கத்ரினிடம் சொன்னேன். அடுத்த கச்சேரியில் அவள் அந்த வரியோடு நிறுத்திவிட்டு என்னை மேடைக்குக் கூப்பிட்டாள். யாரும் கைதட்டவில்லை. தரையில் உட்கார்ந்தோம். என் இடது கை அவள் தோளில். வலது கையும் தானாக உயர்ந்து, அம்மாவின் தோள் உயரத்தில், வெறுங்காற்றில் நின்றது.

முந்நூறு பேர் இருமலை அடக்கிக்கொண்டு காத்திருந்தார்கள். அடுத்த வரியை எடுத்தேன்.