நடப்பதற்காகப் போட்ட தரை

என் அக்காவுக்கு ஒரு வேலை போதாது. பகல் முழுக்க ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நின்றபடி படுக்கை விரிப்புகளை மடிப்பாள். வீட்டுக்கு வந்ததும் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் கூடத்தில் மண்டியிட்டு, காய்ந்த துணியால் தரையைத் துடைப்பாள். மரத்தரை, புத்தம் புதுசு. அதற்கு வந்த வாழ்வை நினைத்தால் எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

தரை போட்டதே அத்தானுக்காகத்தான். பஸ் ஓட்டிக்கொண்டிருந்த மனிதர். பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்டது. பழைய டைல்ஸ் தரை வழுக்கும். அதில் நடை பழக முடியாது. அக்கா அடம்பிடித்துக் கூடம் முழுக்கப் பலகை பதிக்க வைத்தாள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு தினமும் காலையும் மாலையும் கூடத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்க வேண்டும், விட்டால் கால் மறுபடி வராது என்று பயிற்சி தரும் அம்மா கண்டித்துச் சொல்லியிருந்தார்.

பலகை பதித்த தச்சர் சும்மா போயிருக்கலாம். ஈரத்துணி போடாதீங்க, நாற்காலியை இழுக்காதீங்க, மண்ணோட மிதிக்காதீங்க என்று அடுக்கிவிட்டார். அக்கா பதிலுக்குக் கேட்ட கேள்விகளில் மனிதர் அரண்டுபோய், "இன்ஸ்பெக்டரம்மா, ஆளை விடுங்க!" என்று கும்பிட்டார். அன்றிலிருந்து மேசை, நாற்காலிக் கால்களுக்கெல்லாம் கம்பளித் துண்டு ஒட்டினாள். வெயில் பட்டால் நிறம் மங்கும் என்று பட்டப்பகலில் திரையை இழுத்துவிட்டாள். நான் உட்கார்ந்த இடத்தில் அசைந்தாலே, "இழுக்காதடி!" என்று ஒரு குரல் வரும்.

"பேசாம தரையைச் சுருட்டிப் பீரோல வெச்சுப் பூட்டிடேன்," என்றேன் ஒருநாள்.

"கிண்டல் பண்ணாதே. இந்த வீட்ல இதுவரைக்கும் எல்லாம் யாரோ பொழங்கினதுதான் வந்திருக்கு. புதுசுன்னு வந்தது இது ஒண்ணுதான்டி."

அத்தான் நாற்காலியில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வாக்கரின் ரப்பர் குமிழ்கள் பலகையில் கறுப்புத் தடம் போட்டன. அக்கா சளைக்கவில்லை. அத்தானின் பழைய காலுறைகளை எடுத்து, வாக்கரின் நாலு காலுக்கும் மாட்டி, நூல் சுற்றி இறுக்கிக் கட்டினாள். "சத்தமே இல்லாமப் போகுது பாரு," என்று என்னிடம் பெருமை வேறு.

பயிற்சிக்கார அம்மா மறுபடி வந்த சாயங்காலம் நானும் அங்கே இருந்தேன். அத்தானின் கெண்டைக்காலை அழுத்திப் பார்த்தவரின் முகம் மாறியது.

"வீட்ல நடக்கறீங்களா சார்?"

"நடக்கறேம்மா."

"இது நடக்கற கால் இல்ல. போன தடவை இருந்த சதைகூட இப்ப இல்ல. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே விட்டீங்கன்னா, கடைசி வரைக்கும் நாற்காலிதான்."

சொல்லிக்கொண்டே வாக்கரை லேசாகத் தள்ளினார். அது வழுக்கிக்கொண்டு போய்ச் சுவரில் முட்டியது. குனிந்து காலுறைகளைப் பார்த்தார். "யாரு இதைக் கட்டினது?"

வேலை முடிந்து அப்போதுதான் வந்த அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏங்க, விழுந்தீங்களா?"

"விழல. விழப் பாத்தேன். சுவத்தைப் புடிச்சுக்கிட்டேன். அன்னிலேருந்து நடக்கல. நீ வேலைக்குப் போயிருக்கறப்ப நடந்துட்டேன்னு பொய் சொல்லிட்டிருந்தேன்."

"வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா அவுத்துடுவே. மறுபடியும் தடம் விழும். நாளெல்லாம் நின்னுட்டு வந்து மறுபடியும் மண்டி போட்டுத் தேய்ப்பே. உன் முட்டி என்ன இரும்பா?"

இரண்டு பேரையும் பிடித்து நாலு சாத்து சாத்தலாம் போலிருந்தது எனக்கு. அழுகையும் வந்தது. அக்கா அழவில்லை, அதற்குக்கூட அவளிடம் தெம்பில்லை. கத்தரிக்கோலை எடுத்து வந்து, முடிச்சை அவிழ்க்கப் பொறுமையில்லாமல் காலுறைகளை அறுத்து எறிந்தாள். வாக்கரை அத்தான் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

"எழுந்திருங்க."

அத்தான் அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பயிற்சிக்கார அம்மா பின்னாலிருந்து இடுப்பைத் தாங்கிக்கொண்டார். ஓர் அடி வைத்ததும் பலகையில் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது. அத்தான் அப்படியே நின்று அதையே பார்த்தார்.

"தரையைப் பாக்காதீங்க," என்றாள் அக்கா எதிர்ச் சுவரில் சாய்ந்தபடி. "என்னைப் பாருங்க."

பார்த்தார். சலவைக்கூடச் சீருடையில், கண்ணுக்குக் கீழே கறுத்து, கால் மாற்றி மாற்றி நின்றவளைப் பார்த்தார். பார்த்தபடியே காலை இழுத்து இழுத்து வந்தார். வேர்வையில் சட்டையெல்லாம் நனைந்துவிட்டது. நடுவில் இரண்டு தரம் நின்று மூச்சு வாங்கினார். ஆனாலும் அவளிடம் வந்து சேர்ந்துவிட்டார்.

"நடந்துட்டேன்ல? இப்பவாவது நீ கொஞ்சம் உக்காரு."

அக்கா அந்தத் தரையிலேயே உட்கார்ந்தாள். எழுந்து துடைக்க அவளுக்குத் தெம்பில்லை. அவளை எழுப்ப எங்கள் யாருக்கும் மனசும் வரவில்லை.